மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் மரண விபத்து: விசாரணையில் எதை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும்?

#1 சென்கிளயார்

நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் ஏ7, றம்பொடை வளைவுகள், எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ23. எந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் இறந்தாலும் எழுதப்படும் வரி அநேகமாக ஒன்றுதான்: "அதிக வேகத்தால் சாரதிக்குக் கட்டுப்பாடு இழந்தது." அந்த வேகத்தை எதை வைத்து அளந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

2023 ஜனவரி 20 அன்று ரதெல்ல குறுக்குப் பாதையில் 7 பேர் இறந்தபோதும், 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து 23 பேர் இறந்தபோதும் வண்டியின் நிலை, பாதையின் நிலை என்று நாடே பேசியது. தோட்டத்துப் பையன் ஒருவன் தனியாக வளைவில் விழுந்து இறந்தால் அந்தப் பேச்சு மரண வீட்டோடு முடிந்துவிடுகிறது.

விசாரணை எந்தெந்த அதிகாரிகள் வழியாகப் போகிறது? முதல் இரண்டு நாளில் எதைக் காப்பாற்ற வேண்டும்? வண்டியில் எதைத் தொடவே கூடாது? வேகக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். அனுதாபச் செய்திகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 சட்டப்பக்கம்

ஒரு மரணத்துக்குக் குறைந்தது மூன்று கோப்புகள் தனித்தனியே ஓடும். குடும்பங்கள் இவற்றை ஒன்றென்று நினைப்பதால்தான் பாதி விஷயம் தவறிப்போகிறது.

முதலாவது, திடீர் மரண விசாரணை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 370ஆம் பிரிவின்படி, விபத்தால் ஒருவர் இறந்தார் என்று தகவல் கிடைத்ததும் திடீர் மரண விசாரணை அதிகாரி சடலம் இருக்கும் இடத்துக்குப் போய், காயங்களைக் குறித்து, மரணத்துக்குத் தோன்றும் காரணம் பற்றி அறிக்கை எழுத வேண்டும். பிரேத பரிசோதனைக்கு அனுப்புவதும் இந்தக் கட்டத்தில்தான். இவர் வேலை 'எதனால் இறந்தார்' என்பது. 'யாருடைய பிழை' என்பதை முடிவுசெய்வது இவர் வேலை அல்ல.

இரண்டாவது, பொலிஸ் போக்குவரத்துப் பிரிவின் விசாரணை. ஸ்தல வரைபடம், வாக்குமூலங்கள், நீதவானுக்குப் போகும் பீ அறிக்கை எல்லாம் இதற்குள் வரும். வேறொருவரின் அசட்டையான அல்லது கவனயீனமான செயலால் மரணம் நேர்ந்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு; 5 ஆண்டு வரை சிறை. விபத்துக்குப் பின் சாரதி வண்டியை நிறுத்த வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு.

மூன்றாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மோட்டார் வாகனப் பரிசோதகர் தரும் அறிக்கை. வண்டியில் விபத்துக்கு முன்பே பழுது இருந்ததா என்பதை உத்தியோகபூர்வமாகச் சொல்லக்கூடியவர் இவர்தான்.

தனி வண்டி விழுந்து, ஓட்டியவரே இறந்துவிட்டால் குற்றஞ்சாட்ட ஆள் இல்லை. ஆள் இல்லாத கோப்பை அவசரமாகப் பார்க்க யாருக்கும் நெருக்குதல் இல்லை. 'அதிவேகம்' என்ற சொல் அப்போதுதான் வசதியாக வந்து உட்காருகிறது. பாதையில் எண்ணெய் கொட்டிய லொறி, பொருத்த மறந்த நட்டு, வளைவில் கோடு தாண்டி வந்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்று மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் முதல் நாள் விசாரணை. அடையாளம் காட்டப் போகும் உறவினர் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. வண்டியைப் பரிசோதகர் பார்க்க வேண்டும் என்பதையும், அறிந்த சாட்சிகள் யார் என்பதையும் வாக்குமூலத்தில் பதியச் சொல்ல வேண்டும்.

#3 அளவுநாடா

பாதையில் கிடக்கும் தடயத்தைப் பற்றி எழுதுகிறேன். மலையில் மாலை மழை வந்தால் டயர் தடம் போய்விடும். தாரைத் தோண்டிய பள்ளக் கீறல் போகாது. ஆகவே எது முதலில் அழியுமோ அதை முதலில் அளக்க வேண்டும்.

தடங்களில் மூன்று வகையைப் பிரித்தறிய வேண்டும். பூட்டிய சக்கரம் இழுத்த கறுப்புக் கோடு ஒன்று. டயர் அகலத்துக்கு இருக்கும். மிதி, சைலன்சர், ஹாண்டில் முனை உரசிய வெள்ளைக் கீறல் இன்னொன்று. அது தொடங்கும் இடம்தான் வண்டி படுத்த இடம். மூன்றாவது தாரைக் கொத்தியெடுத்த குழி. மோதிய இடத்தை அநேகமாக அதுதான் காட்டும். "வண்டி இங்கே கிடந்தது" என்று வெண்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிட்டால் வரைபடத்தால் பயனில்லை.

அளக்கும் முறை எளிது. அசையாத இரண்டு புள்ளிகளைத் தெரிவுசெய்யுங்கள்: மதகுச் சுவரின் மூலை, கிலோமீற்றர் கல், மின்கம்பம். கம்பத்தில் இலக்கம் இருந்தால் எழுதுங்கள். ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் நாடா பிடியுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தை மீண்டும் கண்டுபிடிக்கலாம். ஒரே புள்ளியிலிருந்து அளந்தால் முடியாது.

சரிவுக்கு 1 மீற்றர் நேர்ப் பலகையும் மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டமும் போதும். பலகையைப் பாதையில் இறக்கத் திசைக்கு வைத்து, கீழ் முனையை மட்டம் வரும் வரை தூக்குங்கள். இடைவெளி 8 சென்றிமீற்றர் என்றால் சரிவு 8 சதவீதம். பலகையைப் பாதைக்குக் குறுக்கே வைத்தால் வளைவின் சாய்மானம் கிடைக்கும்.

வளைவின் ஆரைக்கு, ஓரக் கோட்டின் இரு புள்ளிகளுக்கு இடையே நேராக 20 மீற்றர் நாடா (நாண்) பிடித்து, நடுவில் கோடு நாணிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளவுங்கள். நாணின் வர்க்கத்தை விலகலின் 8 மடங்கால் வகுத்து, விலகலின் பாதியைக் கூட்டினால் ஆரை. விலகல் 1.6 மீற்றர் என்றால் 400 ஐ 12.8 ஆல் வகுக்க 31.25; அதோடு 0.8, ஆக 32 மீற்றர். ஒரு நாடாவும் இரண்டு ஆளும் இருந்தால் பத்து நிமிட வேலை.

படம் எடுக்கும்போது தடத்தின் பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். மோட்டார் சைக்கிள்காரர் வந்த திசையிலிருந்து, அவர் கண் உயரத்தில், 10 மீற்றருக்கு ஒன்றாக வளைவு வரை எடுங்கள். அதே நேரத்தில் எடுப்பது முக்கியம். காலை 10 மணிப் படத்தை வைத்து மாலை 6 மணிப் பனிமூட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

#4 கந்தப்பளை

பாதை ஈரமாக இருந்ததா என்பதையும் எழுதி வைக்க வேண்டும் அண்ணே. மழை பெய்யாத நாளிலும் இந்தப் பக்கம் பாதை நனையும். கழுவிய கரட், லீக்ஸ் ஏற்றிய லொறிகள் இறக்கம் முழுக்க நீர் சிந்திக்கொண்டே போகும். தோட்டப் பாதை வந்து சேரும் முடக்குகளில் சேறு இழுபட்டுக் கிடக்கும். யூகலிப்டஸ் இலை படிந்த நிழல் வளைவு மதியம் வரை காயாது.

மழை பெய்ததா என்று சர்ச்சை வந்தால் பக்கத்துத் தோட்ட ஒபிசுக்குப் போங்கள். தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் அளவு எழுதுவார்கள். நுவரெலியா நகரத்து மழையளவை வைத்து லிந்துலையில் நடந்ததைச் சொல்ல முடியாது. ஒரு மலை தாண்டினால் வேறு மழை.

#5 பட்டறை_டிக்கோயா

வண்டியைப் பற்றி. முதலில் செய்யக் கூடாதவை.

சாவியைத் திருப்பாதீர்கள், லைட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். இழை பல்பு என்றால், எரிந்துகொண்டிருந்தபோது மோதியதா, அணைந்திருந்தபோது மோதியதா என்பதை இழையே சொல்லும். சூடான இழை மோதலில் நீண்டு சுருள் கலைந்து தொங்கும். குளிர்ந்த இழை நறுக்கென்று முறியும், சுருள் குலையாது. எரியும்போது கண்ணாடி உடைந்திருந்தால் உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தூள் படிந்திருக்கும். பின்னால் வந்த வண்டி மோதியிருந்தால் பிரேக் பல்பையும் இதே மாதிரிப் பாருங்கள். மோதும் நேரத்தில் பிரேக் பிடித்திருந்தாரா என்று தெரியும். எல்ஈடி விளக்கில் இந்தச் சோதனை கிடையாது.

கியரை மாற்றாதீர்கள். உருட்டிப் போக வேண்டுமென்று நியூட்ரலுக்குத் தட்டிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. தட்டுவதற்கு முன் எந்தக் கியர் என்று எழுதிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடும் பழக்கம் இருக்கிறதல்லவா? அப்படி வந்தாரா என்ற கேள்விக்கு இதுதான் தொடக்கம்.

டயர் காற்றை அன்றைக்கே அளவுங்கள். இரண்டு வாரம் பொலிஸ் முற்றத்தில் கிடந்த வண்டியின் காற்றளவு எதையும் நிரூபிக்காது. டயர் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தையும் எழுதுங்கள். 1218 என்றால் 2018ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்தது. தேயாமல் கட்டை நிறைய இருந்தாலும் பழைய ரப்பர் இறுகி ஈரத்தில் வழுக்கும்.

பின் சக்கரம் பூட்டியிருந்தால் உடனே 'பிரேக்கை அழுத்தினார்' என்று எழுதாதீர்கள். செயின் பல்லிலிருந்து கழன்று சிக்கினாலும் பூட்டும். பின் பிரேக் தட்டு சுழலாமல் பிடித்திருக்கும் கம்பி ஒன்று இருக்கிறது. பஞ்சர் ஒட்டும்போது கழற்றிவிட்டு, திருப்பிப் பொருத்தும்போது நட்டை இறுக்காமலோ ஊசி போடாமலோ விட்டால் அந்தக் கம்பி கழன்று, அடுத்த பிரேக்கில் தட்டே சக்கரத்தோடு சுழன்று, பிரேக் கம்பியை (ரொட்) வளைத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். நட்டு விபத்தில் பிய்ந்திருந்தால் புரியில் புதிய கிழிசல் இருக்கும். முன்பே இல்லாமல் இருந்திருந்தால் புரியில் அழுக்கும் துருவும் இருக்கும்.

இடது வளைவில் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டின் பாதத்தைப் பாருங்கள். மடக்காமல் வந்திருந்தால் நுனியில் புதிதாகப் பளிச்சென்று தேய்வும், பாதையில் அதற்குப் பொருந்தும் கீறலும் இருக்கும்.

#6 ஓட்டம்

ஒரு கணக்கை வைக்கிறேன், சரியா என்று சொல்லுங்கள். காய்ந்த பாதை, 8 சதவீத இறக்கம். வளைவுக்கு முந்திய நேர்த் துண்டில் பின் டயர் இழுத்த தடம் 14 மீற்றர். பிறகு படுத்து உரசியது 18 மீற்றர். முடிவில் மதில், சேதத்தைப் பார்த்து மோதும்போது 30 கி.மீ. வேகம் இருந்திருக்கும் என்கிறார்கள்.

டயர் தடத்துக்கு 34, உரசலுக்கு 41, மதிலுக்கு 30. கூட்டினால் 105. அப்படியென்றால் அதிவேகம் நிரூபணமாகிறதுதானே?

#7 அளவுநாடா

இல்லை தம்பி. வேகங்களைக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். பாதை தின்றது சக்தியை. சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போகும். இந்த ஒரு பிழையால் எத்தனையோ பேருக்கு இல்லாத வேகம் எழுதப்படும்.

படிப்படியாக: வேகத்தின் வர்க்கம் என்பது 254 ஐ உராய்வுக் குணகத்தாலும் (பாதை எவ்வளவு பிடிக்கும் என்ற எண்) மீற்றர் தூரத்தாலும் பெருக்கினால் வருவது, வேகம் மணிக்குக் கிலோமீற்றரில். இறக்கம் என்பதால் குணகத்தில் 0.08 ஐக் கழிக்க வேண்டும்.

பின் சக்கரம் மட்டும் பூட்டினால் குணகம் 0.40 அளவில் எடுக்கலாம், கழித்தால் 0.32. 254 × 0.32 × 14 = 1138. படுத்து உரசும் வண்டிக்கு 0.45, கழித்தால் 0.37. 254 × 0.37 × 18 = 1692. மதிலுக்கு 30 இன் வர்க்கம் 900. மூன்றும் சேர்ந்து 3730. வர்க்கமூலம் 61.

ஆக 105 அல்ல, 61. குணகங்களை இரண்டு பக்கமும் தளர்த்தி, பின் சக்கரத்துக்கு 0.35 முதல் 0.45, உரசலுக்கு 0.35 முதல் 0.55 என்று வைத்தாலும் 56 முதல் 66 வரைதான் வரும். அறிக்கையில் ஒற்றை எண்ணாக இல்லாமல் இந்த வீச்சாகவே எழுத வேண்டும். மதிலில் 30 என்பது வெறும் கண்மதிப்பு. அதை 20 ஆக்கினால் மொத்தம் 57. 40 ஆக்கினால் 67. 10 கி.மீ. பிழை அங்கே இருந்தாலும் முடிவில் 6 க்கு மேல் நகரவில்லை.

61 அந்த வளைவுக்குச் சரியான வேகம் என்று நான் சொல்லவில்லை. 32 மீற்றர் ஆரையில், 5 சதவீதச் சாய்மானத்தோடு, ஈரத்துக்குக் குணகம் 0.5 எடுத்தால் எல்லை 47 கி.மீ. மட்டும், காய்ந்திருந்து 0.70 எடுத்தால் 55. எப்படியும் குறைத்தே ஆக வேண்டிய வேகம்.

அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியமாகிறது. குறைப்பதற்கு இடம் இருந்ததா? இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்தால் காய்ந்த தாரில் 0.70 கிடைக்கும், இறக்கம் கழித்து 0.62. 3730 ஐ 254 × 0.62 ஆல் வகுத்தால் 23.7 மீற்றர். தடங்களின் நீளம் 14 உம் 18 உமாக 32 மீற்றர். மதிலுக்கு 8 மீற்றர் முன்பே வண்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன் சக்கரத் தடமும் இல்லை. பின் பிரேக் மட்டுமே வேலை செய்திருக்கிறது. முன் பிரேக்கை அவர் பிடிக்கவில்லையா, அல்லது பிடித்தும் அது பிடிக்கவில்லையா? விசாரணை நிற்க வேண்டிய இடம் இதுதான். 'அதிவேகம்' என்று எழுதிக் கோப்பை மூடினால் இந்தக் கேள்வி எழும்பவே எழும்பாது.

#8 பட்டறை_டிக்கோயா

அளவுநாடா அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். முன் பிரேக்கைப் பரிசோதகர் பார்க்கும் வரிசை இது.

டிஸ்க் பிரேக் என்றால் முதலில் லீவரை ஒரே ஒரு முறை மெதுவாக இழுங்கள். பல தடவை இழுத்துப் பம்ப் பண்ணிவிட்டால் முதல் இழுப்பின் உண்மை போய்விடும். லீவர் ஹாண்டிலைத் தொட்டால் குறை இருக்கிறது. ஆனால் விபத்தில் குழாய் அறுந்திருந்தாலும் அதேதான் நடக்கும். குழாய் அறுந்த இடம் புதிய வெட்டா, கீழே எண்ணெய் சிந்திய தடம் பாதையில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். பாதையில் சிந்தாமல் பிரேக் எண்ணெய்த் தொட்டி வெறுமையாக இருந்தால் அது முன்பே வெறுமை.

பிறகு டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் பேட். உராய்வுப் பொருள் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் முடிந்த பேட். இரும்புத் தட்டு டிஸ்க்கை அராவியிருந்தால் டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும்; அது ஒரு நாளில் வருவதில்லை. பேட்டைத் தள்ளும் கலிப்பர் பிஸ்டன் துரு ஏறி இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மலைப் பக்கத்து ஈரத்தில், மாதக்கணக்காக முன் பிரேக்கையே தொடாத வண்டிகளில் இது சாதாரணம்.

கடினமானது ஆவிப் பூட்டு. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. நீர் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்குகிறது. டொட் 4 க்கு 230 உம் 155 உம். நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பில்லாமல் பிரேக்கிலேயே இறங்கினால் கலிப்பருக்குள் எண்ணெய் கொதித்து ஆவியாகி, லீவர் பஞ்சு மாதிரிப் போய்விடும். ஆறிய பிறகு ஆவி திரும்ப எண்ணெயாகிவிடும். மறுநாள் பரிசோதகர் இழுத்துப் பார்த்தால் பிரேக் நன்றாக இருக்கும்! அதனால் 'பிரேக் சீராக உள்ளது' என்ற வரியோடு நிறுத்தாமல் எண்ணெயில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று சோதிக்கும்படி கேட்க வேண்டும். டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, பேட்டின் ஓரம் கருகியிருக்கிறதா என்பதும் துணைச்சாட்சி. முதலில் சொன்ன கியர் நிலையை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

முன்னும் டிரம் என்றால் கேபிள், லைனர், டிரம். சூடேறித் தளர்ந்த லைனர் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். சக்கர அச்சில் அளவுக்கு மீறி வைத்த கிரீஸ் உருகி லைனரில் படிந்திருந்தாலும் பிடிக்காது. நகத்தால் சுரண்டினால் தெரியும்.

கழற்றும் ஒவ்வொரு படியிலும் படம் எடுக்க வேண்டும். ஒரு முறை கழற்றினால் பழைய நிலை திரும்ப வராது.

#9 சென்கிளயார்

கியரை நம்பலாமா? விழும்போது கால் பட்டு மாறாதா?

#10 பட்டறை_டிக்கோயா

மாறும். அதனால் கியரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கியர் லீவர் வளைந்திருந்தால் அந்தச் சாட்சி பலவீனம். லீவர் நேராக, கீறலில்லாமல் இருந்து, நியூட்ரலில் இருந்தால் பலம் கூடும்.

#11 மருத்துவக்_குறிப்பு

சட்ட வைத்திய அதிகாரியின் பக்கம். இரண்டு பேர் போன வண்டியில் 'யார் ஓட்டினார்' என்ற சண்டை நிச்சயம் வரும். காப்புறுதிக்கும் வழக்குக்கும் அதுதான் அடி. ஓட்டியவருக்குத் தொடையிடுக்கிலும் இடுப்பெலும்பிலும் டாங்கி அடித்த காயம், ஹாண்டிலைப் பிடித்திருந்ததால் பெருவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் முறிவு இருக்கக்கூடும். பின்னால் இருந்தவரிடம் இவை சேர்ந்து இருப்பது அரிது. சப்பாத்தும் பேசும். கியர் லீவர் இடப்பக்கம் என்பதால் ஓட்டியவரின் இடது சப்பாத்தின் மேற்பக்கத்தில் தேய்வு இருக்கும். வலது அடியில் பிரேக் மிதியின் ரப்பர் அச்சு விழுந்திருக்கலாம். ஆகவே சப்பாத்தையும் உடுப்பையும் கழுவாதீர்கள், எரிக்காதீர்கள். நிழலில் உலர்த்திக் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து ஒன்றும் மிஞ்சாது.

ஹெல்மெட். பட்டி திறந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா, கத்தரியால் வெட்டப்பட்டிருக்கிறதா? அம்புலன்ஸ்காரரும் அவசர சிகிச்சைப் பிரிவும் பட்டியை வெட்டித்தான் எடுப்பார்கள். வெட்டியது அவர்கள் என்று எழுதி வைக்காவிட்டால் பின்னர் 'பட்டி போடாமல் வந்தார்' என்று மாறிவிடும். உள்ளே இருக்கும் வெள்ளை ரெஜிபோமில் நசிவு எங்கே என்று பார்த்தால் தலை எந்தப் பக்கம் மோதியது என்பது தெரியும். எஸ்.எல்.எஸ். 517 என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்பதையும் குறியுங்கள்.

மதுசாரம். வாசனை சாட்சி அல்ல. இரத்த மாதிரிதான் சாட்சி. ஒருவர் விபத்துக்குப் பின் இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்து இறந்தால் பிரேத பரிசோதனையில் எடுக்கும் இரத்தம் விபத்து நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. உடல் அதற்குள் எரித்துவிடும்; இரத்தமும் சேலைனும் வேறு ஏற்றியிருப்பார்கள். அனுமதித்தபோது எடுத்த முதல் மாதிரிதான் வேண்டும். அது ஆய்வுகூடத்திலிருந்து வீசப்படுவதற்கு முன் பொலிஸ் எழுத்தில் கேட்க வேண்டும். டிக்கோயாவில் சேர்த்து, நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ மாற்றியிருந்தால் மாதிரி முதல் வைத்தியசாலையில் இருக்கும். எல்லாரும் இரண்டாவது இடத்திலேயே தேடுவார்கள்.

விசாரணை முடியாத நிலையில் தகனம் வேண்டாம், புதையுங்கள் என்று அதிகாரி சொன்னால் காரணம் இருக்கிறது. மனசுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் கேளுங்கள்.

#12 ஓட்டம்

#7 க்கு நன்றி அண்ணே. இன்னொன்று, வேறு விபத்து. வலது வளைவில் மோட்டார் சைக்கிளும் எதிரே வந்த பஸ்ஸும். மோதல் பஸ்ஸின் வலது முன் மூலையில். சைக்கிளின் டயர் தடம் தன் பக்கத்திலேயே, நடுக்கோட்டுக்கு அரை மீற்றர் உள்ளே. பஸ்ஸும் கோடு தாண்டவில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா?

#13 அளவுநாடா

முடியும். நாம் இடப்பக்கம் ஓடுகிறோம். வலது வளைவில் சைக்கிள் வலப்பக்கம் சரியும், அதாவது நடுக்கோட்டின் பக்கம். 32 மீற்றர் ஆரையில் 40 கி.மீ. போனால் சரிவு ஏறக்குறைய 21 பாகை. தலை, டயரிலிருந்து சரிவு வழியே 1.4 மீற்றர் தொலைவில் இருக்கிறதென்றால், டயரைவிட அரை மீற்றர் கோட்டுப் பக்கம் தள்ளி இருக்கும். டயர் தன் பக்கத்தில், தலை கோட்டின் மேல். பஸ்ஸின் சக்கரம் கோட்டுக்குள். ஆனால் கொண்டை ஊசியில் பஸ்ஸின் முன் மூலை சக்கரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு கோட்டைத் தாண்டி வரும்.

ஆகவே சக்கரத் தடங்களை மட்டும் வரைந்த வரைபடம் போதாது. பஸ்ஸில் பட்ட அடையாளம் தரையிலிருந்து எத்தனை சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கிறது, மூலையிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதை அளக்க வேண்டும். 120 சென்றிமீற்றர் உயரத்தில் ஹெல்மெட் வர்ணம் ஒட்டியிருந்தால் வண்டி படுத்திருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தபோதே மோதியது. 40 இல் என்றால் விழுந்து சறுக்கி வந்து மோதியது. இரண்டும் வேறு வேறு விபத்துகள்.

#14 லிந்துலை_கெமரா

சிசிடிவி பற்றி யாரும் சொல்லவில்லை. கடைகளில் இருக்கும் பெட்டி ஒன்றிரண்டு வாரத்தில் பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். அன்றைக்கே கடைக்காரரிடம் சொல்லிப் பொலிஸ் மூலம் பிரதி எடுக்க வேண்டும். திரையில் ஓடும் நேரத்தையும் தொலைபேசி நேரத்தையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். மின்வெட்டுக்குப் பின் பெட்டிக் கடிகாரம் பிந்தியிருக்கும். திரையைத் தொலைபேசியால் படம்பிடித்தால் வேகக் கணக்குக்கு உதவாது, மூலக் கோப்பே வேண்டும். வினாடிக்கு எத்தனை படம் என்று தெரிந்தால், பாதையில் அளந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் எத்தனை படம் என்று எண்ணி வேகம் போடலாம். வினாடிக்கு 15 படம், 12 மீற்றரைக் கடக்க 12 படம் என்றால் 0.8 வினாடி, வினாடிக்கு 15 மீற்றர், மணிக்கு 54 கி.மீ.

விபத்து நடந்த நேரத்தில் அவ்வழி போன பஸ், வேன்களின் டாஷ் கெமராவையும் மறக்காதீர்கள்.

#15 சட்டப்பக்கம்

மொழி பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. தமிழில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமைக்கு அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் அடி இருக்கிறது. சிங்களத்தில் எழுதி "கையெழுத்துப் போடுங்க" என்றால், வாசித்துத் தமிழில் விளக்கும் வரை போட வேண்டாம். 'சறுக்கினான்' என்று தாய் சொன்னது 'வேகமாக வந்து சறுக்கினான்' என்று எழுதப்பட்டால், அந்த ஒரு சொல்லை அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

பாதையில் குழி, உடைந்த காவல் கல், அடையாளம் போடாத திருத்த வேலை என்றால் பாதை யாருடையது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. மற்றவை மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ தோட்டத்துக்கோ உரியதாக இருக்கலாம். விபத்துக்குப் பின் குழியை அவசரமாக மூடிவிடுவார்கள். ஆழத்தோடு படம் வேண்டும். பாதைத் திருத்தப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் நட்டஈட்டுக்கு வீதிப் பாதுகாப்பு தேசிய சபையிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. குடிசார் நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அந்த இரண்டு வருடத்தைக் கடந்துவிட்ட குடும்பத்துக்குப் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் உதவ முடியாது.

#16 கந்தப்பளை

வண்டியைப் பொலிஸ் விடுவித்துக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? பழைய இரும்புக்காரர் உடனே வந்து விலை கேட்பார்களே.

#17 பட்டறை_டிக்கோயா

கொண்டுபோகலாம், விற்காதீர்கள். பரிசோதகரின் அறிக்கை நீதிமன்றக் கோப்பில் வந்துவிட்டதா, காப்புறுதிக்காரர் பார்த்துவிட்டாரா, அறிக்கையில் முன் பிரேக் எண்ணெய், பேட் அளவு, பின் தட்டுக் கம்பி, டயர் இலக்கம் என்று தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சட்டத்தரணி மூலம் மீள்பரிசோதனை கேட்க அந்த வண்டி இருந்தே ஆக வேண்டும். தார்ப்பாயால் மூடி, மழைபடாத இடத்தில், விழுந்த பக்கம் மேலே வருமாறு வையுங்கள். கழுவ வேண்டாம். லீவரில் கை வைக்க வேண்டாம். முன் சக்கரத்தை உருட்டாமல் தூக்கி ஏற்றுங்கள்.

#18 சென்கிளயார்

#7, #8, #11 மூன்றையும் இழையின் மேலே பொருத்திவிட்டேன். வரைபடமோ பரிசோதகர் அறிக்கையோ கையில் உள்ளவர்கள் பெயரையும் வாகன இலக்கத்தையும் மறைத்துவிட்டு அளவுகளை மட்டும் இங்கே போடுங்கள். காய்ந்த பாதையா ஈரமா, இறக்கம் எத்தனை சதவீதம், எந்தெந்தத் தடம் எத்தனை மீற்றர் என்பது இருந்தால்தான் கணக்குப் பார்க்க முடியும்.